நடுவருக்குப் புள்ளி போடுவது யார்?

பல்லேகல என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது சர்வதேச கிரிக்கெட் அரங்குதான். ஆனால் அதே பல்லேகலயில்தான் திரினிட்டி கல்லூரியின் ரக்பி மைதானமும் இருக்கிறது. இரண்டு மைதானங்களிலும் ஆட்டம் வேறு, சட்டம் வேறு, பந்தின் உருவம்கூட வேறு. ஒரு விஷயம் மட்டும் பொது. தோற்ற பக்கத்து ஆட்கள் பஸ் ஏறும்போது நடுவரைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள்.

"ரெஃப்ரி இல்லன்னா ஜெயிச்சிருப்போம் மச்சான்." கண்டியில் ரக்பி பார்க்கிற யாருக்கும் இந்த வசனம் புதிதில்லை. இந்த ஊரில் ரக்பி நேற்று வந்த விளையாட்டு இல்லை. இலங்கையின் முதல் பாடசாலை ரக்பி போட்டி 1906இல் கண்டியில்தான் நடந்தது. கிங்ஸ்வூட்டும் திரினிட்டியும் மோதின, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. 1945இல் ரோயலுக்கும் திரினிட்டிக்கும் இடையே பிராட்பி கேடயம் தொடங்கியது. கண்டி விளையாட்டுக் கழகத்தின் வயது இவை எல்லாவற்றையும் விட அதிகம், அது 1874இல் தொடங்கியது. இவ்வளவு காலமாக நாம் ஆட்டக்காரருக்குப் புள்ளி போட்டிருக்கிறோம், பயிற்றுநருக்கும் போட்டிருக்கிறோம். நடுவருக்கு மட்டும் வசவுதான் போட்டிருக்கிறோம். ஒரு நடுவர் நன்றாகச் செய்தாரா இல்லையா என்பதை உண்மையில் யார், எப்படி அளப்பது? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் கண்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

சண்டையில் பிறந்த சபை

ரக்பியின் சர்வதேச நிர்வாக அமைப்பே ஒரு நடுவரின் தீர்ப்பைப் பற்றிய சண்டையில்தான் பிறந்தது. 1884இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள பிளாக்ஹீத்தில் விளையாடின. ஸ்கொட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னால் தட்டிவிட்டார். அந்தப் பந்தை எடுத்துப் போய் இங்கிலாந்து ட்ரை வைத்தது. "பின்னால் தட்டுவதும் குற்றம்தான், ஆட்டத்தை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்" என்று ஸ்கொட்லாந்து வாதாடியது. "குற்றம் செய்ததே நீங்கள். உங்கள் குற்றத்தால் உங்களுக்கே லாபமா?" என்று இங்கிலாந்து திருப்பிக் கேட்டது. அயர்லாந்துக்காரரான நடுவர் ட்ரையைக் கொடுத்தார்.

விவகாரம் அத்தோடு முடியவில்லை. அடுத்த வருடம் இரண்டு நாடுகளும் மோதவே இல்லை. 1886இல் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து சர்வதேச ரக்பி சபையை அமைத்தன. இங்கிலாந்து முறுக்கிக்கொண்டு நின்று, 1890இல்தான் உள்ளே வந்தது. இன்றைய உலக ரக்பி அமைப்பின் வேர் அதுதான். அந்த இரண்டு நாடுகளும் இன்றும் மோதுகிற கிண்ணத்தின் பெயர் கல்கத்தா கிண்ணம். கல்கத்தாவில் இருந்த ஒரு ரக்பி கழகம் மூடப்பட்டபோது, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கிண்ணம் அது.

அடுத்த கதை 1905, கார்டிஃப். நியூசிலாந்தின் பொப் டீன்ஸ், தான் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டதாகவும், நடுவர் வந்து சேர்வதற்குள் வேல்ஸ் வீரர்கள் தன்னைப் பின்னால் இழுத்துவிட்டதாகவும் சொன்னார். நடுவர் ஜோன் டலஸ் ட்ரை கொடுக்கவில்லை. வேல்ஸ் 3-0 என்று வென்றது. அந்தப் பயணத்தில் நியூசிலாந்து தோற்ற ஒரே போட்டி அதுதான். டலஸ் ஓடுவதற்கான உடையில் வரவில்லை, சாதாரண உடுப்போடும் சப்பாத்தோடும் வந்திருந்தார், ஆட்டத்தை விடப் பின்னால் நின்றார் என்பது நியூசிலாந்துக்காரர்களின் குறை. நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை.

இந்த இரண்டு குறைகளும் ஒன்றில்லை. 1884இல் பிரச்சினை, சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்பது. 1905இல் பிரச்சினை, நடுவர் எங்கே நின்றார் என்பது. நாம் பஸ்ஸில் ஏறித் திட்டும்போது இரண்டையும் ஒரே வசவில் கலந்துவிடுகிறோம். நடுவரை மதிப்பிடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, இந்த இரண்டையும் பிரிப்பது.

ஊதாத விசில்

இன்றைக்கு ஒரு சர்வதேச ரக்பி நடுவரின் ஆட்டத்தை எப்படி அளக்கிறார்கள்? போட்டி முடிந்த பிறகு, பெரும்பாலும் முன்னாள் நடுவராக இருக்கிற ஒரு மதிப்பீட்டாளர் முழு ஆட்டத்தையும் திரும்பப் பார்க்கிறார். ஸ்க்ரம், லைன்அவுட், டாக்கிள், ஆஃப்சைட், முரட்டு ஆட்டம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பார். ஊதியது சரியா, ஊதியது பிழையா, ஊத வேண்டியதை ஊதாமல் விட்டாரா என்று மூன்று விதமாகக் கணக்கு எழுதுவார். மூன்றாவது கணக்குத்தான் கஷ்டமானது. ஊதின விசில் எல்லோருக்கும் கேட்கும், ஊதாத விசில் யாருக்கும் கேட்காது இல்லையா?

அதற்கும் மேல் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் குற்றம் ஆட்டத்தைப் பாதித்ததா? ஒரு போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட ரக் நடக்கும். பந்துக்கு மேலே ஆட்கள் குவிகிற ஒவ்வொரு குவியலிலும், சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஊதினால் ஆட்டமே இருக்காது. எதிரணிக்குப் பந்து கிடைப்பதைத் தடுத்த குற்றத்துக்கு ஊதுவார், ஓரமாக நடந்த பாதிப்பில்லாத குற்றத்தை விடுவார். ஆகவே ரக்பி நடுவரின் திறமை குற்றத்தைக் காண்பதில் மட்டும் இல்லை, எது முக்கியம் என்று ஒரு நொடிக்குள் தீர்மானிப்பதிலும் இருக்கிறது. ரக்பி நடுவரைப் பற்றி இரண்டு நேர்மையான ஆட்கள்கூட முரண்படுவது இதனால்தான்.

அணிகளுக்கும் ஒரு வழி உண்டு. பயிற்றுநர்கள் சந்தேகமான இடங்களை வெட்டி, வீடியோவாக நடுவர்களின் பொறுப்பாளருக்கு அனுப்பலாம். பதில் வரும். ஆனால் அந்தப் பதிலும் மதிப்பெண்ணும் பொதுவாக உள்ளேயே இருந்துவிடும். ரசிகனுக்கு எதுவும் வந்து சேராது. ரசிகன் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறான்.

வெய்ன் பார்ன்ஸ்: 2007 முதல் 2023 வரை

அப்படி ரசிகர்கள் போட்ட கணக்கில் மாட்டியவர் இங்கிலாந்தின் வெய்ன் பார்ன்ஸ். 2007 ஒக்டோபர், உலகக் கிண்ணக் கால் இறுதி, கார்டிஃப். அவருக்கு அப்போது வயது 28. பிரான்ஸ் 20-18 என்று நியூசிலாந்தை வென்றது. பிரான்ஸின் கடைசி ட்ரைக்கு முன் பந்து முன்னோக்கி எறியப்பட்டது தொலைக்காட்சியில் தெரிந்தது, பார்ன்ஸுக்குத் தெரியவில்லை. அன்றைய விதியில் வீடியோ நடுவருக்கும் அதைச் சொல்ல அதிகாரம் இல்லை. பந்து கோட்டுக்குள் ஒழுங்காக வைக்கப்பட்டதா என்பதைத்தான் அவர் பார்க்கலாம். நியூசிலாந்தில் பார்ன்ஸ் ஒரு கெட்ட வார்த்தையாகவே ஆகிப்போனார். கொலை மிரட்டல்கள் வந்தன.

அந்த ஒரு போட்டியை வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பல வருட ஆட்டங்களை வைத்து அவரை அளந்தார்கள். விதியும் பின்னாளில் மாறியது. ட்ரைக்கு முந்தைய ஆட்டத்தையும் வீடியோ நடுவர் பார்க்கலாம் என்று வந்தது. தவறு ஓர் ஆளுடையது மட்டும் இல்லை, அவர் கையில் கொடுத்திருந்த கருவியுடையதும்தான் என்று ரக்பி மெதுவாக ஒப்புக்கொண்டது என்று இதை வாசிக்கலாம். 16 வருடங்கள் கழித்து, 2023 உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்கு விசில் பிடித்தவர் அதே பார்ன்ஸ். 110க்கும் மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளை நடத்தியவர் அவர், அந்தக் காலத்தில் அதுவே சாதனை.

கதை அங்கே சந்தோஷமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. தென்னாபிரிக்கா 12-11 என்று நியூசிலாந்தை வென்ற அந்த இறுதிப் போட்டிக்குப் பிறகு மிரட்டல்கள் திரும்ப வந்தன, இந்த முறை குடும்பத்துக்கும். சில நாட்களில் பார்ன்ஸ் ஓய்வை அறிவித்தார். அன்று வீடியோ நடுவராக இருந்த டொம் ஃபோலியும் சர்வதேசப் போட்டிகளில் இருந்து விலகினார். தொழில்நுட்பம் கூடினால் திட்டு குறையும் என்று நினைத்திருப்போம். உண்மையில் திட்டு வாங்குகிற ஆட்களின் எண்ணிக்கைதான் கூடியது.

வெளியே சொல்வதா, உள்ளே வைப்பதா?

2015இல் வேறொரு வழியை முயன்று பார்த்தார்கள். உலகக் கிண்ணக் கால் இறுதி, அவுஸ்திரேலியாவும் ஸ்கொட்லாந்தும். ஸ்கொட்லாந்து முன்னிலையில் இருக்க, கடைசி நிமிடங்களில் தென்னாபிரிக்க நடுவர் கிரெய்க் ஜூபெர்ட் அவர்களுக்கு எதிராக ஆஃப்சைட் பெனல்டி கொடுத்தார். அந்த உதையால் அவுஸ்திரேலியா 35-34 என்று வென்றது. மறுநாளே உலக ரக்பி அமைப்பு அறிக்கை விட்டது. பந்து நடுவில் அவுஸ்திரேலிய வீரர் ஒருவரின் கையில் பட்டிருந்தது, எனவே அது பெனல்டி இல்லை, ஸ்க்ரம்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றது. அந்தத் தருணத்தில் வீடியோ நடுவரிடம் கேட்க விதி இடம் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

இது வெளிப்படைத்தன்மையா, ஓர் ஆளைத் தெருவில் தனியாக விட்டுவிட்டுப் போனதா? அப்போது இரண்டு பக்கமும் வாதாடினார்கள். ஜூபெர்ட்டுக்கு அந்தத் தொடரின் அரை இறுதியிலோ இறுதியிலோ இடம் கிடைக்கவில்லை. எங்கள் பார்வையில், பிழையைச் சொன்னது சரி. ஆனால் மற்ற நடுவர்களின் பிழைகள் உள்ளேயே இருக்க, ஒரேயொரு பிழையை மட்டும் மேடை போட்டுச் சொன்னது நியாயம் இல்லை. வெளிப்படை என்றால் எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

உள்ளேயே வைத்தால் என்ன நடக்கும் என்பதை 2021 காட்டியது. பிரிட்டிஷ் அன்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியிடம் முதல் டெஸ்டில் தோற்ற பிறகு, தென்னாபிரிக்காவின் ரஸ்ஸி எராஸ்மஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேலான வீடியோவில் நடுவர் நிக் பெரியின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். அது இணையத்தில் பரவியது. எராஸ்மஸுக்குத் தடை, சங்கத்துக்குத் தண்டப் பணம். தண்டனை சரிதான். அந்த நடுவர் பட்ட மன வேதனையை யாரும் லேசாக எடுக்க முடியாது. இருந்தும் ஒன்றைக் கவனியுங்க. வாசல் கதவு மெதுவாகத் திறக்கிற வீட்டில் ஆட்கள் சுவர் ஏறித்தான் குதிப்பார்கள்.

அஸ்கிரிய, 2001 மார்ச்

இப்போது கண்டிக்குத் திரும்புவோம். ரக்பியில் இருந்து கிரிக்கெட்டுக்குத் தாவுகிறோம் என்று நினைக்க வேண்டாம், கேள்வி அதேதான். பல்லேகல அரங்கு வருவதற்கு முன் கண்டியின் டெஸ்ட் மைதானம், திரினிட்டிக்குச் சொந்தமான அஸ்கிரிய. 2001 மார்ச்சில் அங்கே இலங்கையும் இங்கிலாந்தும் விளையாடிய போட்டி, நடுவர் பிழைகளுக்காகவே இன்றும் பேசப்படுகிறது. அன்றைய முறைப்படி ஒரு நடுவர் உள்ளூர்க்காரர், பி. சி. குரே. மற்றவர் வெளிநாட்டவர், தென்னாபிரிக்காவின் ரூடி கேர்ட்சன்.

சதம் அடித்த நாசர் ஹுசைன், முரளியின் பந்தில் ஆட்டமிழந்திருக்க வேண்டியவர், நடுவரின் தயவில் தப்பினார். சனத் ஜயசூரிய அடித்த பந்து தரையில் பட்டு எழும்பி, அதைக் கிரஹாம் தோர்ப் பிடித்தார். அவுட் கொடுக்கப்பட்டது. ஜயசூரிய போகிற வழியில் ஹெல்மெட்டை வீசினார், தண்டனையும் வாங்கினார். இங்கிலாந்து 3 விக்கெட்டால் வென்றது.

இந்தப் போட்டியில் ஒரு விஷயம் எங்களை யோசிக்க வைக்கிறது. உள்ளூர் நடுவர் உள்ளூர் அணிக்குச் சாய்வார் என்பதுதான் உலகம் முழுக்க இருந்த சந்தேகம். அஸ்கிரியவில் இலங்கை நடுவரின் பிழைகளால் அதிகம் அடி வாங்கியது இலங்கைதான். பிழை வேறு, பாரபட்சம் வேறு என்பதற்கு இதை விடத் தெளிவான உதாரணம் தேடத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. ஹெல்மெட்டை வீசியவரின் தண்டனை பத்திரிகையில் வந்தது, நடுவர்களின் மதிப்பெண் வரவில்லை. அடுத்த வருடம், 2002இல், ஐசிசி உயர்மட்ட நடுவர் குழுவை அமைத்தது. டெஸ்ட் போட்டிக்கு இரண்டு நடுவர்களும் வெளிநாட்டவர் என்பது வழக்கமானது. 2008இல் தீர்ப்பு மறுபரிசீலனை முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதும் இலங்கையில்தான், இந்தியாவுடனான டெஸ்ட் தொடரில்.

கண் பார்த்தது, கருவி அளந்தது

கண்டியில் இருந்து நடுவர்களைப் பற்றிப் பேசிவிட்டு முரளிதரனைச் சொல்லாமல் போக முடியாது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த பையன். பல்லேகலக்குப் பக்கத்தில், குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது, தந்தை வெட்டுக் காயம் பட்டார். நியாயம் சொல்ல நடுவரே வராத நாட்களும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். பந்தை எறிகிறார் என்று சொல்லி, நடுவர் டரல் ஹேர் 3 ஓவர்களில் 7 தடவை நோ-போல் அழைத்தார். அதே நாளில் முரளி மறுமுனைக்கு மாறி வீசியபோது அந்த அழைப்பு வரவில்லை. 1996இலும் 1999இலும் ரொஸ் எமர்சன் அழைத்தார். 1999இல் அடிலெய்டில் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிப்போய் நின்றார்.

ஹேர் பொய் சொன்னாரா? அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது, மணிக்கட்டும் தோளும் சுழல்கிற வேகத்தில் கண்ணுக்கு அது எறிவது போலத் தோன்றும். ஆய்வுகூடத்தில் கமராக்களை வைத்து அளந்தபோது கதை மாறியது. அதை விட முக்கியம், 2004இல் மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தார்கள். சுத்தமானவர்கள் என்று உலகம் நம்பியிருந்தவர்களின் கைகளும் ஓரளவு நிமிர்ந்தன. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று ஒரே எல்லை வந்தது. அதுவரை சட்டம் கேட்டதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாததைப் பார்த்துச் சொல்லுங்க என்று நடுவரிடம் கேட்டிருந்தார்கள், விலையை முரளி கொடுத்தார்.

2007 டிசம்பரில் ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளை முரளி தாண்டியது அஸ்கிரியவில், சொந்த ஊரில். 2010இல் 800 விக்கெட்டோடு டெஸ்டை விட்டார். அதே வருடம் டிசம்பரில்தான் பல்லேகலயில் முதல் டெஸ்ட் நடந்தது.

மூன்று கோடு போட்ட தாள்

இந்த வரலாற்றில் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். நடுவரை மதிப்பிடுவது தேவை, மரியாதை என்ற பெயரில் அதை மூடி வைக்கக் கூடாது. ஆனால் தீர்ப்பு நமக்குப் பிடித்ததா என்பது மதிப்பீடு ஆகாது. அவர் நின்ற இடத்தில் இருந்து என்ன தெரிந்திருக்கும்? சட்டம் கேட்பது மனிதக் கண்ணால் முடிகிற காரியமா? பிழைகள் ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப விழுந்தனவா, இரண்டு பக்கமும் சிதறினவா? இவற்றைக் கேட்ட பிறகுதான் "பாரபட்சம்" என்ற கனமான சொல்லைத் தூக்க வேண்டும். சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு அந்தச் சொல் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது, காரணங்களும் இருக்கின்றன. அதனாலேயே அதை வீணாகச் செலவழிக்கக் கூடாது. எல்லாத் தோல்விக்கும் அதைச் சொன்னால், உண்மையிலேயே அநியாயம் நடக்கிற நாளில் நம்மை யார் நம்புவார்கள்?

அடுத்த முறை பல்லேகலக்கு ரக்பி பார்க்கப் போகிறவர்கள் ஒரு தாளும் பேனையும் கொண்டுபோங்க. மூன்று கோடு போடுங்க: ஊதியது சரி, ஊதியது பிழை, ஊதாமல் விட்டது. இரண்டு அணிக்கும் தனித்தனியாக 80 நிமிடமும் எழுதுங்க, பாடசாலை ஆட்டம் என்றால் 70. பக்கத்தில் எதிரணி ஆதரவாளர் இருந்தால் அவரிடமும் ஒரு தாளைக் கொடுங்க. கடைசியில் இரண்டையும் வைத்துப் பாருங்க. எங்கே ஒத்துப்போகிறதோ அதுதான் நடுவரின் கணக்கு. ஒத்துப்போகாத மிச்சம் எல்லாம் நம்முடையது.